சுளுக்குதான்

அசையாதீங்க தம்பி. நீங்க அசைந்தால் என் காலும் அசைகிறது. அந்தக் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு அப்படியே படியில் உட்காருங்க. உட்கார்ந்தால் உங்களுக்கு முதுகு வலிக்கும், தெரியும். முதுகுப் பிடிப்பு என்றுதானே என்னைத் தேடி வந்தீங்க. வந்த இடத்தில் இப்படி ஆகும் என்று நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

இழுக்க வேண்டாம். இழுத்துப் பார்த்தாயிற்றே. வெளியே வந்த கால் திரும்பி உள்ளே போகாதா என்று கேட்கிறீங்க. உங்கள் முதுகை மிதிக்க வரும்போது பாதத்தை நீட்டிக்கொண்டு கிரில் கம்பிக்கு நடுவே சுலபமாக வந்துவிட்டது. திரும்பும்போது குதிகால் மாட்டுகிறது. மூன்றாவது மிதி விழுந்ததும் நீங்க 'ஐயோ' என்று முன்னால் ஓடினீங்க. தாங்க முதுகு இல்லாமல் நான் உள்ளே மல்லாந்து விழுந்தேன். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, கால் கம்பியோடு நின்றுவிட்டது. கணுக்கால் வீங்கிக்கொண்டே வருகிறது பாருங்க, பன்னு மாதிரி. பயப்படாதீங்க. சுளுக்குதான்.

பூட்டை உடைக்கலாமா? உடைத்து? கிரில் கதவைத் திறந்தால் கதவோடு சேர்ந்து என் காலும் அல்லவா ஊர்கோலம் போகும். தீயணைப்பு வண்டியா? வேண்டவே வேண்டாம். அவர்கள் மணியடித்துக்கொண்டு வந்து கம்பியை அறுத்தால் தெருவே கூடிவிடும். சுளுக்கு எடுக்கிற வீரணனுக்கே சுளுக்கு என்று சந்தை வரைக்கும் போய்விடும். உங்கள் வண்டி சந்தையில் நிற்கிறது, தக்காளி வெயிலில் காய்கிறது, எல்லாம் புரிகிறது. கொஞ்சம் பொறுங்க. என் மகள் வந்துவிடுவாள்.

போன் போடுவதா? நம்பர் மனப்பாடம்தான். ஆனால் போடக் கூடாது. இன்றைக்கு மட்டும் போடக் கூடாது. இன்றைக்கு அவள் மைதானத்தில் ஒற்றைக் காலில் குதித்துக் காட்டுகிற நாள். நல்ல காலில் எவ்வளவு தூரம் குதிக்கிறாளோ, ஆபரேஷன் செய்த காலிலும் அவ்வளவு தூரம் குதிக்க வேண்டும். குதித்தால் மாவட்டக் கபடி அணி. மாவட்டத்தில் ஆடினால் மாநிலம். மாநிலத்தில் நாலு பேர் கண்ணில் பட்டால் போலீஸ் வேலை. குதிக்காவிட்டால் இந்த வருடமும் போயிற்று. போன வருடம் போனதே போதும். அங்கே அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில், உன் அப்பன் கால் கம்பியில் மாட்டிக்கொண்டது என்று நாம் போன் போடுவதா? விழுந்தடித்து ஓடி வருவாள். அப்புறம் அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள். என்மேல் பழி போட அந்த டீச்சர் காத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜெசிந்தா டீச்சர். பெயரைச் சொன்னாலே கால் இன்னும் கொஞ்சம் வீங்குகிறது.

ஏன் வெளியே பூட்டிவிட்டுப் போனாள் என்றுதானே பார்க்கிறீங்க. கேட்க மாட்டீங்க, ஆனால் வந்ததிலிருந்து அந்தப் பூட்டைப் பார்க்கிறீங்க. நான் குடிகாரனும் இல்லை, பைத்தியமும் இல்லை. போன மாதம் மைதானத்துக்குப் போய் அந்த டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினேன். அவ்வளவுதான். கையைக்கூட ஓங்கவில்லை. அதற்கு என் மகள் இன்றைக்குச் சோறு வடித்து வைத்து, தண்ணீர் மொண்டு வைத்து, வெளியே நின்று பூட்டுகிறாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உள்ள இருப்பா"ங்கிறாள். "நான் என்ன நாயா?" என்றேன். "நாயா இருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன்"ங்கிறாள். பாருங்க பேச்சை. தாய் இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை பேசுகிற பேச்சு.

விஷயத்தைக் கேளுங்க, கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. என் காலைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கும் வேறு வேலை இல்லையே.

ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கியே முதுகு தேய்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்போடு சரி. ஆனால் டீக்கடையில் கேட்டால் கால்காரர் வீடு எது என்று காட்டுவார்கள். உங்களுக்கும் அப்படித்தானே காட்டினார்கள்? எல்லாரும் தலை முன்னால் வந்து பிறப்பார்கள். நான் கால் முன்னால் வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் பிடிப்பு விடும், சுளுக்கு எடுபடும். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. படித்து வாங்கினதில்லை தம்பி, பிறந்து வாங்கினது. சந்தையில் எத்தனை பேர் முதுகை மிதித்திருப்பேன். மிதித்த பிறகு ஒருத்தன்கூடத் திரும்பி வந்து வலிக்கிறது என்று சொன்னதில்லை. திரும்பி வந்ததே இல்லை.

மகள் பெயர் பவதாரணி. பவா என்போம். கபடியில் பாடிப் போனால் புயல். எதிர்க்கட்சிப் பெண்கள் கைகோத்து நின்றாலும் நடுவில் புகுந்து தொட்டுவிட்டுத் திரும்புவாள். திரும்பும்போது இடது காலை ஊன்றி ஒரு வெட்டு வெட்டுவாள் பாருங்க, அரிவாள் மாதிரி. அந்த வெட்டு நான் சொல்லிக்கொடுத்தது. முதுகில் மூட்டையோடு ரெண்டு லாரிக்கு நடுவே திரும்பியவனுக்குத் திரும்பத் தெரியாதா?

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பள்ளிக்கூட மைதானத்துக்கு இந்த டீச்சர் வந்தாள். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கோச். வந்தவள் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே? இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் தினமும் அரை மணி நேரம் குதிக்க வைப்பாள். பெஞ்சு மேலே ஏறுவது, இறங்குவது. இறங்கும்போது முட்டி உள்ளே சாயக் கூடாதாம். பாதம் தரையில் படுகிற சத்தம் கேட்கக் கூடாதாம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்று காதால் கேட்பாள். சத்தம் வந்தால், "மறுபடி ஏறு." பிறந்ததிலிருந்து குதிக்கிற பிள்ளைகளுக்குக் குதிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்! கபடிக்கு ஆள் வளர்க்கிறாளா, பூனை வளர்க்கிறாளா?

நேரே போய்க் கேட்டேன். "ஆம்பளப் பயலுக இப்படிக் குதிக்கிறானுகளா?" என்றேன்.

"அவங்களும் குதிச்சா நல்லதுதான் ஐயா. ஆனா பொண்ணுங்களுக்கு இது இல்லாம முடியாது"ன்னாள். பெண்களுக்கு இடுப்பு அகலமாம். தொடையின் முன்பக்கத்துக்கு இருக்கிற பலம் பின்பக்கத்துக்கு இல்லையாம். சட்டென்று திரும்பினால் முட்டி உள்பக்கம் மடிந்து, உள்ளே இருக்கிற ஜவ்வு அறுந்துபோகுமாம். பையன்களைவிடப் பெண்களுக்கு அது அதிகமாம்.

"ஜவ்வா? திருவிழாவுல கையில வாட்ச் மாதிரி சுத்திவிடுவானே, அந்த மிட்டாயா?" என்றேன்.

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். டீச்சர்கூடச் சிரித்தாள். பவா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதே யாரோ மனசைக் கலைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நாள் என் மகளைத் தனியே கூப்பிட்டு, மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டிருக்கிறாள். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்டிருக்கிறாள். சாப்பாடு குறைந்தால் அதுவும் நின்றுவிடும், அது நின்றால் எலும்பு பலம் போய்விடும், விளையாடுகிற பெண்கள் இதை மறைக்கக் கூடாது என்றாளாம். தகப்பன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறபோது ஊரான் வீட்டுப் பிள்ளையிடம் இது என்ன விசாரணை? எடை ஏறினால் அணியில் எடுக்க மாட்டார்கள் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தியதே நான்தான். பசிக்கிறது என்று அவள் ஒரு நாள் சொன்னதில்லை. வயிறு வாடுகிறது என்று டீச்சருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததாம்?

அன்றிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். மொபட்டில் அவளைக் கொண்டுபோய் விடுகிறவன் நான்தானே. அந்தக் குதியாட்டம் முடிகிற நேரம் பார்த்துத்தான் வண்டியையே எடுப்பேன். பிள்ளை அதுவரைக்கும் தூங்கட்டும். "நேரமாச்சுப்பா, நேரமாச்சுப்பா"ன்னு வாசலில் நிற்பாள். பெட்ரோல் இல்லை என்பேன், பிளக்கைத் துடைக்கிறேன் என்பேன். ஆட்டம் தொடங்கும்போது போய் இறங்குவாள். உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இருக்காது. புதுப் பூ மாதிரி களத்தில் இறங்குவாள்.

கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்க தம்பி. தொங்கினால் விண் விண் என்று தெறிக்கிறது. ஆங், அப்படித்தான்.

அப்புறம் ஒரு நாள், போய் இறங்கிய உடனே பாடிப் போனாள். நான் வேலி ஓரமாக நின்று பார்க்கிறேன். தொட்டாள், திரும்பினாள், விழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. நான் சொல்லிக்கொடுத்த அதே வெட்டுத்தான், அழகாக வெட்டினாள். எழுந்திருக்கவில்லை. டீச்சர் ஓடி வந்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள், மேலே அகலத் துணியைச் சுற்றினாள், பைகளை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தாள். "யாரும் காலைத் தேய்க்காதீங்க, ஊன்ற விடாதீங்க, ஸ்கேன் எடுக்கணும்" என்று ஒரே சத்தம்.

"சுளுக்குதான்" என்றேன்.

"அது ஸ்கேன் பார்த்துத்தான் தெரியும் ஐயா."

"எனக்குப் பார்க்காமலே தெரியும்மா. நான் யாருன்னு சந்தையில கேட்டுப் பாரு."

அந்த ஐஸை எடுத்து எறிந்துவிட்டு, பிள்ளையை மொபட்டில் தூக்கி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தன் கையில் சிக்கியதை நான் பறித்துக்கொண்டு வந்தேன் என்று டீச்சருக்கு அன்றைக்கு ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

ஐயையோ, எதிர்வீட்டு ராஜாமணி குடத்தோடு வருகிறாள். குறுக்கே உட்கார்ந்து காலை மறைங்க. மறைங்க தம்பி! பார்த்துவிட்டாள். "என்ன கால்காரரே, காலைத் தெருவுக்கு நீட்டிட்டீங்க?"ங்கிறாள். ஒன்றுமில்லை ஆத்தா, காற்று வாங்குது. போ, குழாயில் தண்ணீர் நிற்கப்போகுது. "காலுக்கு மட்டும் தனியாவா காத்து?"ங்கிறாள், கேட்டீங்களா! இதற்கெல்லாம் சிரிக்காதீங்க. சிரித்தால் உங்கள் கை ஆடுகிறது.

எங்கே விட்டேன்? ஆமாம், வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரே அறை. நான் இப்போது கிடக்கிற இதே தரையில்தான் படுக்க வைத்தேன். முட்டி பலாக்கொட்டை மாதிரி இருந்தது கொஞ்ச நேரத்தில் தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. நல்லெண்ணெயைச் சுட வைத்து வழித்துவிட்டேன். இந்தக் காலால், நீங்க இப்போது பிடித்திருக்கிறீங்களே, இதே காலால் மிதித்தேன். அப்புறம் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போட்டேன். சொன்னால் நம்ப மாட்டீங்க, சத்தமே போடவில்லை தம்பி. துண்டை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆம்பளைகள் கத்துவார்கள், நீங்களே இப்போது கத்தினீங்க. அவள் கத்தவில்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பாள் அல்லவா?

கட்டைப் பிரித்ததும் நடந்தாள். நடந்தாளா இல்லையா, அதைச் சொல்லுங்க! படியில் மட்டும் நண்டு மாதிரிக் குறுக்கே திரும்பி இறங்குவாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். கக்கூஸுக்குப் போனால் எழுந்து வர நேரமாகும். வயசுப் பிள்ளை, செல்போன் பார்க்கிறாள் என்று திட்டுவேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற நேரம் வந்தது. டீச்சர், "ஸ்கேன் பார்க்காம களத்துல இறக்க மாட்டேன்"னாள். அப்புறமும் ஒரேயடியாக ஆட விடமாட்டாளாம், தொடைக்குப் பலம் ஏற்றுகிற பயிற்சி செய்த பிறகுதானாம். சந்தையில் சூப்பர்வைசர்களைப் பார்த்தவன் நான். வேலை கொடுக்கக் கூடாது என்று நினைத்துவிட்டால் ஏதாவது ஒரு சட்டம் சொல்வார்கள். மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன், "உனக்கு வேண்டிய பிள்ளையை எடுக்கத்தானே என் பிள்ளைக்குக் கால் இல்லைங்கிறே?" என்று. விசிலை ஊதிக்கொண்டு மற்ற பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள். பதில் இருந்தால்தானே சொல்வாள்.

நான் விட்டேனா? பக்கத்து ஊர்த் திருவிழாவில் பெண்கள் கபடி. அங்கே ஒரு குழுவில் ஆள் குறைந்தது. சேர்த்துவிட்டேன். டீச்சர் பார்க்கட்டும், ஊர் பார்க்கட்டும், என் பிள்ளைக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று. கிளம்புகிற அன்றைக்கு பவா சொன்னாள், "முட்டி வழுக்குதுப்பா. உள்ள ஏதோ நழுவுற மாதிரி இருக்கு." எண்ணெய் போட்டால் வழுக்கத்தானே செய்யும் என்றேன். "இல்லப்பா, உள்ள." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மொபட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமே? வாய் இல்லையா? ஏறித்தானே உட்கார்ந்தாள்?

அங்கே பாடிப் போன ரெண்டாவது தடவை விழுந்தாள். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, "கால்காரர் எங்கிருந்தாலும் வரவும், வந்து மிதிக்கவும்" என்று எவனோ கேலி பண்ணினான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. எனக்குத் தெரியாமல் அவளே டீச்சருக்குப் போன் போட்டிருக்கிறாள், டீச்சர் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜவ்வு அறுந்திருக்கிறதாம். முதலில் அது மட்டும்தான் அறுந்திருக்கும், அதோடு ஆடியதால் முட்டிக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதும் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். டாக்டருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பக்கத்தில் நின்றவள் யார்? அதுதான். அவள் வந்த நாளிலிருந்து அறுந்துபோகும் அறுந்துபோகும் என்று வாய் வைத்தாள், அறுந்தது. இதற்கு ஸ்கேன் எதற்கு?

ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை தம்பி. இந்த ஒரே அறையில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குவாள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்பாள். கால் நடுங்கும், பல்லைக் கடிப்பாள், நிற்பாள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அந்தக் கோட்டுமேல் முட்டி போகிறதா என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்து எழுவாள். நான் அந்தக் கோட்டை மிதித்துவிடக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். என் வீட்டில் நான் எங்கே நடக்க வேண்டும் என்று கோடு! சாயங்காலமானால் டீச்சர் வருவாள், பிசியோ என்று ஒரு பையனும் வருவான். நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவர்கள் வருவதற்கு முன்னால், பிள்ளை கஷ்டப்படுகிறாளே என்று எண்ணெயைச் சுட வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சத்தியமாக மிதிக்கப் போகவில்லை, தடவிவிடத்தான் போனேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். பாம்பைப் பார்த்தால் இழுப்போமே, அப்படி. சுவரோடு ஒட்டிக்கொண்டு, "வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா"ங்கிறாள். பெற்றவன் கையைப் பார்த்து. கிண்ணத்தில் எண்ணெய் ஆறிப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணெயைத்தான் மறுநாள் தாளிக்க ஊற்றினேன்.

சரி தம்பி, நீங்க சொல்லுங்க. ஒரு பெண் பிள்ளை பெற்ற அப்பனைக் கண்டு பயப்படுகிறது என்றால், யாரோ பயமுறுத்தாமல் வருமா? அதற்காகத்தான் விசிலைப் பிடுங்கினேன்.

அது சரி, உங்களுக்கும் பெண் பிள்ளை இருக்கிறதா? எத்தனாவது படிக்கிறாள்? ஓடுவாளா? ஓட்டப் பந்தயமா! கெண்டைக்கால் பிடிக்கிறது, பாதத்தில் வலிக்கிறது என்று சொன்னால் இங்கே கூட்டி வாங்க. இல்லை இல்லை, சும்மா சொன்னேன். காலை விட்டுவிடாதீங்க.

அதோ! தெருமுனையில் நீல டீசர்ட், அவள்தான். உங்க கண் நல்ல கண், பார்த்துச் சொல்லுங்க, நொண்டுகிறாளா? இல்லைதானே? நேராக, ஜோராக நடந்து வருகிறாளே. குதித்துவிட்டாள் தம்பி! தேறிவிட்டாள்! கூட யாராவது வருகிறார்களா? டீச்சர் இல்லையே? தனியாகத்தானே வருகிறாள்? நல்லது.

பவா, ஓடி வராதே! முட்டி! ஒன்றுமில்லை, பதறாதே. இந்தத் தம்பிக்கு முதுகுப் பிடிப்பு. கதவு பூட்டியிருந்தது, கம்பி வழியாக... ஆமாம், சொன்னாய். யாரையும் மிதிக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். அதை விடு. நீ குதித்தாயா? முதலில் அதைச் சொல். சாவியைப் போடாதே, போடாதே, கதவை ஆட்டினால் உயிர் போகும்!

பாருங்க தம்பி. உட்கார்ந்துகொண்டு என் காலை அப்படியும் இப்படியும் பார்க்கிறாள். "எந்த இடத்துல வலி, மேலயா கீழயா?"ங்கிறாள். எல்லா இடத்திலும்தான். "விரலை அசை"ங்கிறாள். அசைக்கிறேன், அசைகிறதா? "விழும்போது உள்ள டப்புன்னு சத்தம் கேட்டுச்சா?"ங்கிறாள். இது என்ன கேள்வி? விழுகிறவன் விழுவானா, சத்தம் கேட்டுக்கொண்டிருப்பானா? நீ விழுந்தபோது உனக்குக் கேட்டதா என்ன?

கேட்டதாம்.

மைதானத்தில் முதல் நாள் விழுந்தபோதே கேட்டதாம் தம்பி. சுள்ளி ஒடிந்த மாதிரி கேட்டதாம். என்னிடம் சொல்லவே இல்லையே? ஏன்டி சொல்லவில்லை? "நீ கேக்கலையேப்பா"ங்கிறாள். பாருங்க, இதுவும் என் தலையில். நான்தான் சுளுக்கு என்று கண்டுபிடித்துவிட்டேனே, அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும்? இதுவும் சுளுக்குதான்டி, ஒன்றுமில்லை, நீ பார்த்துக்கொண்டே...

என்ன சொன்னாள், கேட்டீங்களா? "சுளுக்குன்னு நீ சொல்லாதப்பா"ங்கிறாள். நான் சொல்லாமல் இந்த ஊரில் வேறு யார் சொல்வது?

சரி, சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன். குதித்தது என்ன ஆயிற்று, அதைச் சொல். சரியாகக் குதித்துவிட்டாயா? ரெண்டு காலும் ஒரே தூரமா? பார்த்தீங்களா தம்பி! ஒரே தூரமாம்! எடுத்துக்கொண்டார்களா? எடுக்கிறோம் என்றார்களா? எப்போது கிளம்புகிறாய்?

வேண்டாம் என்றாளா? யார், அந்த டீச்சரா? தெரியும், எனக்குத் தெரியும். காலை எடுத்துவிடு, இப்போதே போய்... டீச்சர் இல்லையா? பிசியோ பையனா? பின்னே யார் வேண்டாம் என்றது?

நீயா?

தம்பி, இதைக் கேளுங்க. அவர்கள் வா என்றார்களாம். இவள்தான் வேண்டாம் என்றாளாம். "தூரம் சரியா இருந்துச்சுப்பா. ஆனா கால் தரையில படறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பயந்தேன். பயந்துகிட்டே ஆடினா மறுபடி போயிரும். இந்த வருசம் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்"ங்கிறாள். அழக்கூட இல்லை, பாருங்க முகத்தை. பஸ்ஸைத் தவறவிட்டவள் அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்கிற மாதிரி சொல்கிறாள். என்னிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. எல்லாம் அந்த டீச்சர் பழக்கிவைத்தது. குதிக்கவா பழக்கினாள்? இதைப் பழக்கியிருக்கிறாள்.

எங்கே எழுந்து போகிறாள்? கடைக்கா? ஐஸ் வாங்கவா? சோப்புத் தண்ணீரைப் போட்டு இழுத்தால் வந்துவிடுமே! வீக்கம் வடிகிற வரைக்கும் தொடக் கூடாதாம். எவ்வளவு நேரமாகும்? தெரியாதாம். கையில் சாவியை வைத்துக்கொண்டு தெரியாது என்கிறாள்.

வந்துவிட்டாள், ஐஸோடு. தம்பி, உங்களைப் போகச் சொல்கிறாள். முதுகை யாரும் மிதிக்க விடாதீங்க, ஆஸ்பத்திரியில் காட்டுங்க, காலை என்னிடம் கொடுங்க, நான் பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள். கொடுக்காதீங்க. நீங்களே பிடித்துக்கொள்ளுங்க. தக்காளி போனால் போகட்டும் தம்பி, எழுந்திருக்காதீங்க. இவளுக்கு உள்ளே என்மேல் கோபம் இருக்கும், இழுத்துவிடுவாள். "இழுக்க மாட்டேன்ப்பா"ங்கிறாள். அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? இழுக்க மாட்டேன், சும்மா பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே இழுக்க வேண்டும். நான் யாரிடமும் அப்படிச் சொல்லாமல் இழுத்ததே இல்லை.